வட்டத்தைத் திருகினால் எது மாறும்? ஒளிச் சிகிச்சை முனைகள்: ஓர் ஒப்பீடு

ஒளிச் சிகிச்சைக் கருவி விற்க வருபவர் முதலில் செய்து காட்டுவது ஒரே வித்தைதான். ஒளி வெளிவரும் முனையைத் திருகுவார், மேசையில் விழும் சிவப்பு வட்டம் விரியும், சுருங்கும். "எந்த அளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்" என்பார். வட்டம் விரியும்போது அதற்குள் விழும் ஒளியின் அடர்த்தி என்ன ஆகிறது என்று கேட்டால், பாதிப் பேர் கையேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் முனைகளைத் தரம் பிரிப்பதே அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் போட்டோடைனமிக் சிகிச்சைக்கான முனைகளைப் பற்றி. மருந்து திசுவில் சேர்ந்திருக்கும். சரியான அலைநீள ஒளி பட்டதும் அது பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை வினைபுரியத் தூண்டும். அதில் நோயுற்ற செல்கள் சாகும். ஒளி குறைந்தால் வேலை நடக்காது. ஒரேயடியாகக் கூடினாலும் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும், திசுவும் சூடாகும். ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், மொத்தம் எத்தனை ஜூல் என்ற இரண்டு கணக்கும் பிசகக்கூடாது.

மலிவானது, எளிமையானது, ஃபைபர் என்ற ஒளி கடத்தும் இழையின் நுனியில் குட்டி லென்ஸ் வைத்த முனை. ஒளி கூம்பு போல விரியும். வட்டம் பெரிதாக வேண்டுமா, தள்ளிப் பிடி. சிறிதாக வேண்டுமா, கிட்டே கொண்டுவா. திருகுவதற்கு எதுவுமே கிடையாது. மெல்லிய ஃபைபர் என்பதால் எண்டோஸ்கோப்புக்குள்ளும் நுழையும். ஆனால் தூரம்தான் இதன் அளவுகோல், தூரமே இதன் பலவீனமும். 5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய நுனி 6 சென்டிமீட்டருக்கு நகர்ந்தால் பரப்பு 1.44 மடங்காகும், அடர்த்தி 69 சதவீதமாக இறங்கும். ஒரே ஒரு சென்டிமீட்டர்! படுத்திருப்பவர் தலையை லேசாகத் திருப்பினாலே அது நடந்துவிடும். தாங்கியின் திருகு தளர்ந்து ஃபைபர் மெல்ல நழுவுவதை நானே பார்த்திருக்கிறேன். வட்டம் வளர்ந்தது கண்ணுக்குத் தெரியவே இல்லை. இப்போது தாங்கியில் பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

அடுத்து ஜூம் முனை. உள்ளே லென்ஸ்கள் முன்னும் பின்னும் நகரும், வெளியே வளையத்தில் அளவு பொறித்திருக்கும். நல்ல ஜூம் முனையில் கற்றை ஏறக்குறைய இணையாக வருவதால், தூரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் முனையின் தலைவலி இதில் தீர்ந்தது. ஆனால் புதுத் தலைவலி ஒன்று வந்து சேரும். தோலில் விழும் ஒளி 1 வாட் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் 3 சென்டிமீட்டர் விட்டத்தில் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 141 மில்லிவாட். சதுர சென்டிமீட்டருக்கு 100 ஜூல் கொடுக்க 12 நிமிடம் போதும். அதையே 4 சென்டிமீட்டராக விரித்தால் 80 மில்லிவாட்தான், நேரம் 21 நிமிடம். கண்ணுக்கு வட்டம் கொஞ்சம்தான் வளர்ந்தது, நேரமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் 318 மில்லிவாட், தோலுக்கு அது ஆகாத சூடு. வளையத்தைத் திருகியவர் டைமரையும் மாற்ற வேண்டும் என்பதை யார் நினைவூட்டுவது?

இந்த இடத்தில்தான் ஐரிஸ் முனை எனக்குப் பிடித்துப்போகிறது. கேமராவில் இருப்பது போன்ற இதழ்கள். அந்தத் துளையின் பிம்பத்தை லென்ஸ் தோலில் விழச் செய்யும். துளையைச் சுருக்கினால் வட்டம் சுருங்கும், ஆனால் உள்ளே அடர்த்தி அப்படியே இருக்கும். அதே மில்லிவாட், அதே நேரம், கணக்கை மறுபடி போட வேண்டியதில்லை. ஓரமும் கத்தரித்தது போல விழும், பக்கத்து நல்ல தோல் தப்பும். சரி, இலவசமாகவா கிடைக்கிறது? 4 சென்டிமீட்டர் வட்டத்தை 2 ஆக்கினால் முக்கால் பங்கு ஒளி இதழ்களிலேயே வீணாகிச் சூடாகும். இருக்கிற பெரிய வட்டத்துக்கு மேல் விரிக்கவும் முடியாது. ஆனால் அவசரத்தில் பிழை நடக்கிற இடத்தில் ஒளி வீணாவதை நான் பொறுத்துக்கொள்வேன்.

எந்த முனையாக இருந்தாலும் வெள்ளைத் தாளில் ஒரு முறை விழச் செய்து பார்க்க வேண்டும், அதுவும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. நடுவில் பளீரென்றும் ஓரத்தில் மங்கலாகவும் இருந்தால், சராசரிக் கணக்கு சரியாக இருந்தும் நடுவில் அதிகமும் விளிம்பில் குறைவுமாகப் போகும். கட்டி மறுபடி முளைப்பது விளிம்பில்தான் என்றால் யாரைக் குறை சொல்வது? சாய்வும் அப்படித்தான். மூக்கின் பக்கவாட்டில் ஒளி 60 டிகிரி சாய்ந்து விழுந்தால் பாதிதான் சேரும். தட்டையான பலகை விளக்குகளை விட, முகத்தைச் சுற்றி வளைகிற விளக்குகள் இதனால்தான் மேல். அவற்றில் நீல ஒளி ஆழமாகப் போகாது, மேலோட்டமான புள்ளிகளுக்குப் போதும்.

உணவுக்குழாய் மாதிரிக் குழாய்களுக்கு வட்டமே உதவாது, ஒளி பக்கவாட்டில் நாலாபுறமும் கசிய வேண்டும். அதற்கு உருளை டிஃப்யூசர். போர்ஃபிமர் சோடியம் மருந்துக்கு 630 நானோமீட்டர் ஒளி, டிஃப்யூசரின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 400 மில்லிவாட், உணவுக்குழாய்ப் புற்றுக்கு சென்டிமீட்டருக்கு 300 ஜூல். அதாவது 12 நிமிடம் 30 விநாடி. 1, 2.5, 5 சென்டிமீட்டர் என்று நிலையான நீளங்களில் வருகிறது. உறையை நகர்த்தி நீளத்தை மாற்றும் யோசனை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மூடிய பகுதியின் ஒளி உறைக்குள்ளேயே சூடாகும். இதில் என் ஓட்டு நிலையான நீளத்துக்கே.

வட்டம் மாறினால் அடர்த்தியும் மாறும் சிக்கலைக் கண் சிகிச்சைக்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்று பொறாமையாக இருக்கும். வெர்டெபோர்ஃபின் மருந்துக்கு 689 நானோமீட்டர் ஒளி, சதுர சென்டிமீட்டருக்கு 600 மில்லிவாட், 83 விநாடி, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 50 ஜூல். கண்ணைப் பரிசோதிக்கும் ஸ்லிட் லேம்பில் வட்டத்தின் அளவைச் சொன்னால் கருவியே சக்தியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்: 3 மில்லிமீட்டர் வட்டத்துக்குச் சுமார் 42 மில்லிவாட், 6 மில்லிமீட்டருக்கு 170. கண்ணில் வைக்கும் லென்ஸின் உருப்பெருக்கத்தைச் சரியாகப் பதிந்தால் போதும். 83 விநாடி மாறவே மாறாது. தோல் முனைகளுக்கு ஏன் இதைச் செய்யவில்லை என்பது என் பல நாள் ஆதங்கம்.

பழைய ஆட்களும் சும்மா இருக்கவில்லை. தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்து 1903இல் நோபல் பரிசு வாங்கிய நீல்ஸ் ஃபின்சன், கார்பன் ஆர்க் விளக்கிலிருந்து ஸ்படிக லென்ஸ் வைத்த குழாய்களை இறக்கினார். குளிர்ந்த நீர் ஓடும் ஸ்படிகத் தகடு ஒன்றைத் தோலில் அழுத்திப் பிடிப்பார்கள். சூடும் தணியும், ரத்தம் விலகுவதால் ஒளியும் ஆழமாகப் போகும். அழுத்திப் பிடித்திருந்த செவிலியரின் கைதான் அந்தக் கருவியின் தூரக் கட்டுப்பாடு.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தோலுக்கு நான் ஐரிஸ் முனையை எடுப்பேன். பெரிய பரப்புகள் அடிக்கடி வரும் இடமென்றால் ஜூம், ஆனால் வளையம் 'டக்' என்று நிற்கிற படிகளோடு இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டே போகிற வளையம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் நேரம் எழுதிய அட்டையை முனையிலேயே கட்டித் தொங்கவிடுவேன். அப்புறம், காலையில் ஒளியின் சக்தியை அளக்கும் பவர் மீட்டரில் பார்த்த எண்ணை அதே அட்டையில் தேதியோடு எழுதி வைப்பேன். நேற்றைய எண்ணை விட ஒரு கோடு குறைந்திருந்தால், முதலில் லென்ஸைத் துடைப்பேன்.