4 வார விடுமுறையில் முடிகிற ஆபரேஷன் இல்லை இது

இந்த முறை ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ இல்லை, மார்பகக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான். எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கிளம்பும் முன் தமிழில் தேடியபோது எனக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு 41 வயது, இங்கிலாந்தில் இருக்கிறேன், அம்மா வீடு தண்டையார்பேட்டை. பத்தாவது படிக்கும்போதே ஆரம்பித்த பாரம் இது. பிரா பட்டி அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம், கழுத்திலிருந்து நடுமுதுகு வரை வலி, மார்புக்கு அடியில் வேர்த்துத் தோல் வெந்து புண்ணாகிவிடும், ஊரில் மே மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் கேட்டேன். பி.எம்.ஐ., அதாவது உயரத்தை வைத்து எடையைக் கணக்கிடும் எண், 27-க்குக் கீழே இருக்க வேண்டும், ஒரு வருஷமாவது அது ஏறாமல் இருக்க வேண்டும், அளவெடுத்து வாங்கிய பிரா போட்டும் வலி தீராமல் இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு 500 கிராமாவது எடுக்கிற அளவு இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. எனக்கு 29. எடையைக் குறைக்க ஓடினால் முதுகு வலிக்கிறது, ஓடாவிட்டால் எடை இறங்கவில்லை. தனியாரில் செய்ய இங்கே கட்டுப்படியாகாது. சரி, சென்னையில் பார்ப்போம் என்று 4 வாரம் லீவு போட்டேன்.

முதலில் போனது ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு பெண் உட்கார வைத்து பேக்கேஜ் பேச ஆரம்பித்துவிட்டார். 1,80,000 ரூபாய், இன்றைக்கே முன்பணம் கட்டினால் குறைத்துத் தருகிறோம், "பத்து நாள்ல நீங்க ஃபிளைட் ஏறிடலாம் மேம்". அப்புறம் டாக்டர் வந்து ஏழெட்டு நிமிஷம் பார்த்தார். சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்திருக்கிறீர்களா, எதுவும் கேட்கவில்லை. எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று மட்டும் படம் காட்டினார். எனக்குக் கோபத்தைவிட பயம்தான் வந்தது, ஏனென்றால் நான் அன்றைக்கே பணம் கட்டுகிற மனநிலையில்தான் போயிருந்தேன்.

அம்மாதான், "நம்ம கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியிலயே பண்றாங்களாமே" என்றார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையைத்தான் அம்மா இன்னும் அப்படிச் சொல்வார். 2018-ல் அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இந்த மாதிரி மார்பக ஆபரேஷன்களையும் இலவசமாகச் செய்யப்போவதாக அறிவித்தபோது, அழகுக்கு அரசுப் பணமா என்று பலர் பேசினார்கள். காசிமேட்டில் விடிகாலையிலிருந்து மீன் கூடை தூக்குகிற ஒரு பெண்ணுக்கு என்னைப் போல தோளும் முதுகும் இருந்தால் அவர் எங்கே போவார் என்று அப்படிப் பேசியவர்கள் யோசித்திருக்க வேண்டும். நான் அங்கே போகவில்லை. பவுண்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தக் கட்டிலில் போய்ப் படுக்க மனசு வரவில்லை.

ஆனால் அங்கே முன்பு வேலை பார்த்த ஒரு சர்ஜன் பெரம்பூரில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறார் என்று தெரிந்து போனேன். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன், இவர் ஆண். நர்ஸ் உள்ளே வந்து நின்ற பிறகுதான் பரிசோதித்தார், அம்மாவையும் இருக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் பேசினார். வெட்டு எப்படி இருக்கும் என்றால், காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து நேராகக் கீழே ஒரு கோடு, மார்பின் மடிப்பில் குறுக்கே ஒரு கோடு, பார்க்க நங்கூரம் மாதிரி இருக்கும், தழும்பு மங்குமே தவிர முழுசாகப் போகாது. ரத்த ஓட்டம் நிற்காமல் இருக்கக் காம்பைக் கொஞ்சம் சதையோடு சேர்த்தே மேலே நகர்த்துவார்களாம். அப்படியும் உணர்ச்சி குறையலாம், தாய்ப்பால் சுரக்காமல் போகலாம். என் மகன் கல்லூரிக்குப் போகப்போகிறான், எனக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் இதைப் படிக்கிற 25 வயதுப் பெண் யாராவது இருந்தால், முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். 40 தாண்டியதால் மேமோகிராம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார், வெட்டி எடுக்கிற சதையையும் பரிசோதனைக்கு அனுப்புவாராம்.

கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது. "மூணாவது வாரம் எங்க இருப்பீங்க?"

கீழே இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் தோல் இழுவையோடு இருக்கும், ரத்த ஓட்டமும் அங்கேதான் குறைவு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் அந்த இடம் பிரிந்து சின்னதாகப் புண்ணாவது சகஜம். பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிவிடும், ஆனால் யாராவது தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஆபரேஷன் ஆன கொஞ்ச நாளிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டுகிற ஆபத்தும் கூடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரம் லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டில் பெட்டி இழுத்துக்கொண்டிருப்பேன்.

மீதி நாட்களில் செய்த ஒரு நல்ல காரியம், பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கிற அக்காவைப் பார்த்தது. எம்.சி. ரோட்டில் நான் ஏறி இறங்கிய கடைகளில் பெரிய கப் கிடையாது, சுற்றளவை 42, 44 என்று ஏற்றித் தந்துவிடுகிறார்கள், கீழ்ப்பட்டி தொளதொளவென்று நிற்க மொத்த பாரமும் தோளுக்கு வந்துவிடுகிறது. அந்த அக்கா என் தோளைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இவ்ளோ வெயிட்டையும் தோள் மேலயே தொங்க வுட்டுக்கினு கீற" என்று வருத்தப்பட்டு, அந்தக் காலத்துப் பாடி மாதிரி காட்டன் துணியில், கீழ்ச்சுற்று இறுக்கமாக, பட்டி மூன்று விரல் அகலத்துக்கு நான்கு தைத்துக் கொடுத்தார். வலி போகவில்லை. ஆனால் சாயங்காலம் தோள் எரிவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஆபரேஷன் செய்துகொள்ளத்தான் போகிறேன், இந்தப் பயணத்தில் செய்யவில்லை, அவ்வளவுதான். மேமோகிராம் எடுத்தாயிற்று, சரியாக இருக்கிறது. சம்பளம் இல்லாத லீவையும் சேர்த்து 12 வாரம் கேட்டிருக்கிறேன், ஜனவரியில் வருவதாகப் பேச்சு, வெயில் ஏறுவதற்குள் காயம் ஆறிவிடும். அம்மாவுக்கு முதலில் சம்மதமே இல்லை. "நல்லாயிருக்கிற உடம்புல ஏம்மா கத்தி" என்றவர், டாக்டர் என் தோள் பள்ளத்தைத் தொட்டுக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை, வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் பாயில்தான் படுப்போம், கை ஊன்றி எழ முடியாதவள் தரையில் எப்படிப் படுப்பாள் என்று அதற்கப்புறம் அவருக்கு அதே கவலை. நேற்று போன் செய்தார். தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில் மாத வாடகைக்குக் கிடைக்கிறதாம், விசாரித்து வைத்திருக்கிறார்.