லூப் போட்டுச் சொத்தை பார்ப்பது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பல் மருத்துவரான நான் பயன்படுத்துவது 2.5 மடங்கு பெரிதாக்கும் கலிலியன் லூப், அதாவது எளிய லென்ஸ் அமைப்புள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி. கண்ணாடியிலேயே லென்ஸைப் பதித்து, என் கண்களின் இடைவெளிக்கும் உட்காரும் தூரத்துக்கும் அளவெடுத்துச் செய்தது. கூடவே எல்இடி ஹெட்லைட். இதைவிட அதிகம் பெரிதாக்கும், உள்ளே பிரிசம் உள்ள பிரிஸ்மாட்டிக் வகையையும் நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ரூட் கெனாலுக்கு அருமை. ஆனால் வாய் முழுக்கச் சோதிக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பற்கள்தான் கண்ணில் படுகின்றன, எந்தப் பல்லில் நிற்கிறோம் என்பதே குழம்பிவிடுகிறது. மூக்கில் எடையும் அதிகம். செக்கப்புக்கு 2.5 தாராளம்.

பழகிய பிறகு கிடைக்கும் லாபம் உண்மையானது. கடைவாய்ப்பல் பள்ளங்களின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெளுப்பு, எனாமலில் விழுந்த பொடி உடைசல், பழைய ஃபில்லிங்கின் விளிம்பு இடைவெளி எல்லாம் வெறும் கண்ணைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் பல் காய்ந்திருக்க வேண்டும். ஆரம்பச் சொத்தையில் எனாமலில் நுண்துளைகள் விழுகின்றன. எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைக்குள் தண்ணீர் இருக்கும்வரை வித்தியாசம் குறைவு, வெளுப்பு ஒளிந்துகொள்ளும். காற்றடித்துத் தண்ணீரை விரட்டினால் பளிச்சென்று வெளியே வரும். சொத்தையின் நிலைக்கு எண் கொடுக்கும் ஐசிடாஸ் முறையில் 5 விநாடி காற்றடித்த பிறகே தெரியும் மாற்றத்துக்கு 1, ஈரத்திலேயே தெரிவதற்கு 2 என்று எண் கொடுப்பது இதனால்தான். ஈரப் பல்லை லூப்பில் பார்த்தால் பெரிய ஈரப் பல் தெரியும், அவ்வளவுதான்.

களைப்பு முதலில் கை வைப்பது இந்த 5 விநாடியில்தான். மாலைக் கூட்டம் ஏறும்போது கண் மங்குவதற்கு முன்பே பொறுமை போய்விடுகிறது. பஞ்சு வைப்பதில்லை, படிந்த அழுக்கைத் துடைப்பதில்லை, காற்று ஒரு நொடியோடு சரி. லூப் கழுத்து வலியைக் குறைக்கிறது. லென்ஸின் கீழ்நோக்கிய சாய்வு சரியாக இருந்தால் தலையைக் குனிய வேண்டியதில்லை. உடம்பு தேறுவதால் கவனமும் கொஞ்சம் நீடிக்கிறது. ஆனால் இந்த அவசரத்துக்கு அது மருந்தல்ல.

இன்னொரு ஆபத்து எதிர்த் திசையில் வருகிறது. டீ, வெற்றிலைக் கறை படிந்த பள்ளங்கள் லூப்பில் மிரட்டும். சோர்ந்த நேரத்தில், எதற்கு வம்பு, திறந்து அடைத்துவிடலாம் என்று மனம் சாயும். பெரிதாக்கிப் பார்ப்பதால் சொத்தை கண்டறிதல் எவ்வளவு மேம்படுகிறது என்பதில் ஆய்வு முடிவுகளே ஒரே மாதிரி இல்லை. அதிகச் சொத்தை பிடிபடலாம், நல்ல பல்லும் சேர்ந்து மாட்டலாம். டிரில் போட்ட எனாமல் திரும்ப வராது. உடையாத ஆரம்ப வெளுப்புக்கு பல்லில் பூசும் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷும் கண்காணிப்பும் இருக்கின்றன.

அதனால் என் வழக்கம் மாறியது. புதிதாக வருபவரின் முழுப் பல் சோதனை காலையில்தான். மாலையில் வலி, பல் பிடுங்கல், ஏற்கெனவே முடிவான வேலைகள். மாலையில் சந்தேகம் வந்த பள்ளத்தைக் குறித்துவைத்து, இன்னொரு நாள் வரச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கூர்மையான எக்ஸ்ப்ளோரர் என்ற ஊசிக் கருவியால் குத்திப் பார்ப்பதில்லை, ஆரம்பச் சொத்தையை அதுவே ஓட்டையாக்கிவிடலாம். நுனியில் 0.5 மில்லிமீட்டர் உருண்டை உள்ள ப்ரோப் என்ற கம்பிக் கருவியால் தடவிப் பார்த்தால் போதும். இரண்டு பற்களின் இடுக்கில் இருப்பதற்கு லூப் எத்தனை மடங்கானாலும் பயனில்லை, மேல், கீழ்ப் பற்களின் இடுக்குகளைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரேதான்.

வாங்கப்போகிறவர்களுக்கு: கடையில் நின்றுகொண்டு அளவு கொடுக்காதீர்கள், வேலை செய்யும் ஸ்டூலில் உட்கார்ந்து கொடுங்கள். ஹெட்லைட்டுக்கு ஆரஞ்சு ஃபில்டர் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒளி பட்டு இறுகும் ஃபில்லிங் பொருளான காம்போசிட் கையிலேயே இறுகத் தொடங்கும். கண் பவர் மாறினால் பதித்த லூப்பைத் திருப்பி அனுப்பித்தான் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் 40-ஐ நெருங்குபவர்கள் முதலில் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது நல்லது.