கெனனா, நிக்கோனா, சோனியா: உப்புக் காற்றடிக்கும் ஊருக்கு எது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் புதிதாகக் கமரா வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது, எந்தக் கம்பனி இந்த ஊருக்குத் தாங்கும் என்றுதான். நியாயமான கேள்வி. மாரியில் நாள்கணக்கில் மழை, வாடையோடு வரும் உப்பு ஈரம், ஜூன் தாண்டினால் கச்சான் காற்று கிளப்பிவிடும் புழுதி, இவை எல்லாவற்றையும் ஒரே கமராவால்தான் நம்மில் பலர் சமாளிக்கிறோம். கெனனும் நிக்கோனும் தங்கள் பெரும்பாலான கமராக்களுக்கு 40 பாகை வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் வரைதான் என்று கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மார்கழியில் கல்லடிப் பாலத்தில் விடியற்காலை நின்றால் அந்த 85ஐத் தாண்டிய காற்றில்தான் நிற்கிறோம்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது லென்ஸின் பின்பக்கம். கமராவில் பூட்டும் உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய றப்பர் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து, ஈரமும் தூசும் புகாமல் அடைப்புள்ள கமரா வாங்கினாலும் அந்த வாசல் திறந்தேதான் கிடக்கும். நம் ஆட்கள் அதிகம் வாங்குவது மலிவான 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ், அதை வைத்தே பாருங்கள். நிக்கோனின் ஏஎஃப்-எஸ் 50இல் அந்த றப்பர் இருக்கிறது. கெனனின் 50 எஸ்டிஎம்மில் இல்லை, சோனியின் மலிவு 50இலும் இல்லை. குறைந்த காசில் ஈரத்துக்குப் பயப்படாமல் வேலை செய்ய வேண்டும் என்றால் நான் நிக்கோன் பக்கம்தான் சாய்வேன். பழைய டி7200 மாதிரி ஒரு கமராவும் இந்த 50 லென்ஸும் போதும், தூறலில் தேர்த் திருவிழா எடுக்கலாம். கெனனில் அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் சிவப்பு வளையம் போட்ட, விலை கூடிய எல் வரிசை லென்ஸுக்குப் போக வேண்டும், அதிலும் 17-40 போன்ற சிலவற்றுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால்தான் அடைப்பு முழுமையாகும் என்று கெனனே சொல்கிறது. பலர் ஃபில்டர் போடாமலே மழைக்குள் கொண்டுபோகிறார்கள்.

இதற்காகக் கெனன்காரர்களின் பிடிவாதம் அர்த்தமற்றது என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் ஃபிளாஷ் கைவிட்டால் பக்கத்தில் நிற்கும் தம்பியிடமிருந்து ஒன்றை வாங்கி மாட்ட முடிய வேண்டும்; உங்களைச் சுற்றி இருப்பவர்களிடம் கெனன்தான் அதிகம் என்றால் நீங்களும் கெனன் வாங்குவதுதான் புத்தி, ஏனென்றால் பெரிய திருத்த வேலை எதுவானாலும் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிய ஊரில், இரவல் கிடைக்கிற லென்ஸ்தான் உண்மையான வாரண்டி. நண்பர்களுக்கு விசுவாசமாக இருங்கள், அது சரி. கம்பனிக்கு விசுவாசம் காட்ட எனக்குக் காரணம் தெரியவில்லை. 1987இல் கெனன் லென்ஸைக் கமராவில் மாட்டும் பூட்டையே மாற்றி, புதிய ஈஎஃப் பூட்டைக் கொண்டுவந்தபோது பழைய எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மினோல்டா 2006இல் கமராத் தொழிலை விட்டே போய்விட்டது, அதை எடுத்துக்கொண்டது சோனி. ஒலிம்பஸ் 2021இல் கைமாறியது. 1959இலிருந்து எஃப் பூட்டை இழுத்துக்கொண்டு வந்த நிக்கோன்கூட 2018இல் இசட் பூட்டுக்கு மாறிவிட்டது, மோட்டார் இல்லாத பழைய லென்ஸுகள், அவற்றைப் புதிய பூட்டில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆவதில்லை.

குமண, லாகுகலைப் பக்கம் பறவையும் யானையும் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கோடையில் ஜீப் போகும் பாதையில் புழுதி முகத்தில் அறையும். ஸூம் பண்ணும்போது வெளியே நீளும் லென்ஸ் சைக்கிள் பம்ப் மாதிரி காற்றை உள்ளே இழுக்கும், எவ்வளவு றப்பர் வைத்தாலும் கொஞ்சம் தூசு போகத்தான் செய்யும். சோனியின் 200-600 லென்ஸ் நீளாது, உள்ளுக்குள்ளேயே ஸூம் ஆகும், 2019இலிருந்து இருக்கிறது. நிக்கோன் 2023இல்தான் அதே மாதிரி இசட் 180-600ஐக் கொண்டுவந்தது. கெனனின் 100-500ம் 200-800ம் இரண்டுமே நீளும். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும்தான் உங்கள் படம் என்றால் சோனி அல்லது நிக்கோன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கெனன் 100-500இன் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு, மற்றவை இரண்டு கிலோ அளவில் நிற்கின்றன. தோள் வலிக்காரர்கள் அதையும் யோசிக்கலாம்.

அறுகம்பேயில் அலைச்சறுக்கு எடுப்பவர்கள் கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் கெனன் ஈஓஎஸ் ஆர், ஆர்5 போன்றவை நல்லது, கமராவை நிறுத்தியதும் ஷட்டர் இறங்கி, படம் பதியும் சென்சரை மூடிவிடும். சோனியில் ஏ7 4இல் இந்த வசதி உண்டு, மெனுவில் போய் இயக்கிவிட வேண்டும். ஏ7 3இல் கிடையாது.

பாதுகாப்புக்கு எண் போட்டுச் சொல்லும் துணிவு ஓஎம் சிஸ்டத்துக்கு (பழைய ஒலிம்பஸ்தான்) இருக்கிறது, ஓஎம்-1 ஐபி53 தரம் பெற்றது. தூசு கெடுக்காத அளவுக்கு அடைப்பு, 60 பாகைச் சரிவு வரை தெளிக்கும் தண்ணீருக்குத் தாக்குப்பிடிப்பு என்று பொருள், அதற்கேற்ற லென்ஸும் போட்டிருக்க வேண்டும். மற்ற மூவரும் அடைப்பு உண்டு என்பார்கள், ஆனால் தண்ணீர் போனால் வாரண்டியில் சேராது. தனியாக வேலை செய்கிறவர், இரவல் தேவைப்படாதவர் என்றால் ஓஎம்-1ஐ நான் தயங்காமல் சொல்வேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தெறித்தால் எந்தக் கம்பனியானாலும் வீட்டுக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த துணியை முதலில் போட்டுத் தேய்த்தால் உப்பு மணி கண்ணாடியைக் கீறிவிடும்.

லென்ஸில் ஃபங்கஸ் (பூஞ்சணம்) பிடிப்பதற்குக் கம்பனி வித்தியாசம் கிடையாது. தோல் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தால் எல்லா லென்ஸிலும் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில். பாசிக்குடாவில் ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கமராவைச் சொப்பிங் பையில் இறுக்கிக் கட்டி, வெளிச் சூட்டுக்கு வரும்வரை அவிழ்க்காமல் வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே படியும்.

பாவித்த கமரா வாங்குகிறவர்கள் அடியில் உள்ள திருகாணிகளையும் ஃபிளாஷ் மாட்டும் தகட்டையும் பற்றரி அறையின் பொன்னிற முனைகளையும் பாருங்கள். துருவோ பச்சையோ தெரிந்தால் அது கடல் குடித்த கமரா, ஷட்டர் எண்ணிக்கை, அதாவது எடுத்த படங்களின் கணக்கு, எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மூடிகளின் றப்பரை விரலால் அழுத்துங்கள், இறுகியோ வெடித்தோ இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டு வெயில் நாளுக்கு மட்டும் என்று வாங்குங்கள்.