நான்கு விதை, மூன்று கன்று: ஸ்காபரோ டெக்கில் ஓட்டோஃபிளவர்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். எங்கள் ஆட்களுக்குள் கஞ்சா என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் போன வருடம் விதை வாங்குவதற்கு முன் தமிழில் ஒரு நேர்மையான விமர்சனம் தேடித் தேடி எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். நான் இருப்பது ஒன்ராறியோ, ஸ்காபரோ. 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் இது சட்டப்படி சரி. ஒன்ராறியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு நான்கு செடி, விதையும் சட்டபூர்வமான கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். நான்கு செடி என்பது ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கு நான்கு. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, மேல்மாடியில் மாமா என்று ஒரே கூரைக்குக் கீழ் ஆறு பேர் இருந்தாலும் அதே நான்குதான். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே கூடாது, அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாடகை வீடு, கொண்டோ என்றால் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை வாசியுங்கள், அதில் தடை போட்டிருக்கலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் வளர்த்தால் நேரே சிறைதான், அங்கிருந்து வாசிக்கிறவர்கள் இதை வேடிக்கையாக மட்டும் வாசியுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு விதையைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாச் சட்டப்படியே குற்றம், அமெரிக்காவில் அந்த மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் குற்றம்தான்.

சரி, விதைக்கு வருவோம். நான் வாங்கியது உரிமம் பெற்ற ஒரு கடையில், நான்கு விதைப் பொதி, 45 டொலர், அதற்கு மேல் 13 சதவீத வரி, கிட்டத்தட்ட 51 டொலர். ஒரு விதை பதின்மூன்று டொலருக்கு முப்பது சதம் போலக் குறைவு. அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை, ஒரு பைக்கற் கத்தரி விதை மூன்று டொலருக்கு வாங்குகிற மனுசி. பொதியின் மேல் பெரிய எழுத்தில் மூன்று வாக்குறுதி: பெண் விதை (பெண் செடி மட்டும் வரும்), தானாகப் பூக்கும் (ஓட்டோஃபிளவர்), எதையும் தாங்குகிற, புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்ற வகை. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதில்தான் எனக்குச் சண்டை.

தானாகப் பூக்கும் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சாதாரணக் கஞ்சாச் செடி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். ரொறொன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் பதினைந்தரை மணி நேரம், அப்போது அது சும்மா உயர உயர வளரும், ஓகஸ்ட்டில் இரவு போதிய அளவு நீண்ட பிறகுதான் பூவெடுக்கும், பூ முற்ற ஒக்டோபர் ஆகிவிடும். ஒக்டோபரில் இங்கே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், மழை, குளிர், காலையில் உறைபனி, பூவுக்குள் சாம்பல் பூஞ்சணம். ஓட்டோஃபிளவர் இந்தக் கணக்கே பார்ப்பதில்லை. வயதுக்கு வந்தால் பூக்கும், வெளிச்சம் எவ்வளவு என்று கேட்காது. முளைத்து மூன்று நான்கு கிழமையில் பூ, எல்லாமாகப் பத்துப் பன்னிரண்டு கிழமையில் அறுவடை. இந்தக் குணம் ருடெராலிஸ் என்ற காட்டு வகையிலிருந்து வந்தது. ரஷ்யாவின் வொல்கா ஆற்றுப் பக்கம் கோடை குறுகிய இடங்களில் தானாக முளைத்துக் கிடந்ததை 1924இல் யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் தனி வகையாக எழுதிவைத்தார். இடிபாடுகளிலும் தெருவோரத்திலும் முளைப்பது என்ற பொருளில்தான் அந்தப் பெயர். போதைச் சத்து அதில் சொற்பம், அதனால் நெடுங்காலம் அதை ஒருவரும் சீண்டவில்லை. மற்ற வகைகளோடு கலந்து 2000க்குப் பிறகு லோறைடர் என்ற குட்டை வகை பிரபலமான பிறகுதான் விதைக்காரர்களுக்கு இதில் காசு இருப்பது தெரிந்தது. கனடாக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான செடி இல்லை என்றே சொல்வேன்.

விக்டோரியா நாள், மே 19, அன்றைக்கு விதைத்தேன். அந்த நீள வார இறுதிக்கு முன் வெளியில் எதுவும் நடாதே என்பது இங்கே தோட்டக்காரர் எல்லோரும் சொல்வதுதான், அம்மாவும் மிளகாய்க் கன்றை அன்றைக்குத்தான் வெளியே எடுப்பார். துணிச் சாடி, பதினைந்து லீற்றர், நான்கு. மண்ணோடு நாலில் ஒரு பங்கு பேர்லைட் (மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கிற வெள்ளைக் குறுணி). ஓட்டோஃபிளவரை, சுருக்கமாக ஓட்டோவை, சின்னச் சாடியில் முளைக்கவைத்துப் பிறகு மாற்றுவது நல்லதில்லை, வேர் ஒருமுறை அதிர்ந்தால் அது சுதாரிக்க ஒரு கிழமை எடுக்கும், அதன் வாழ்நாளே பன்னிரண்டு கிழமை என்னும்போது ஒரு கிழமை பெரிய இழப்பு. அதனால் நேரே பெரிய சாடியில், ஒரு சென்றிமீற்றர் ஆழத்தில்.

நாலாம் நாள் இரண்டு முளைத்தது, ஆறாம் நாள் மூன்றாவது. நாலாவது வரவே இல்லை. பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டுத் தோண்டினேன், விதை அப்படியே, சற்று வெளிறி, விரலால் அழுத்தியதும் நொறுங்கிவிட்டது. நல்ல விதை அப்படி நொறுங்காது. பொதியைத் திருப்பிப் பார்த்தால் பொதிசெய்த தேதி ஒன்றரை வருடத்துக்கு முந்தியது. தப்பு என்னுடையதும்தான், வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். கடைக்கு மின்னஞ்சல் போட்டேன், படம் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வந்த பதில்: திறந்த பொதிக்குத் திருப்பித்தருவது இல்லை, முளைப்புக்கு உத்தரவாதம் இல்லை, உங்கள் தோட்டப் பயணத்துக்கு வாழ்த்துகள். விதையைத் திறக்காமல் எப்படி முளைக்கிறதா என்று பார்ப்பது என்று திருப்பிக் கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. கடைக்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த அரைகூடக் கவுண்டரில் நின்ற பிள்ளை வடிவாக, சிரித்த முகத்தோடு விளங்கப்படுத்தியதற்காக.

இப்போது அந்த மூன்றாவது வாக்குறுதி. எதையும் தாங்குகிற வகை. ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் உண்மைதான், ஜூன் கடைசியில் அடித்த காற்றில் அம்மாவின் தக்காளி கம்போடு சாய்ந்தது, இது அசையவில்லை. ஒருமுறை நான்கு நாள் நயாகரா போய்விட்டோம், திரும்பி வரும்போது இலையெல்லாம் தொங்கியிருந்தது, தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட்டது. ஆனால் முதல் மூன்று கிழமை இருக்கிறதே, அப்போது இதைப்போல ஒரு தொட்டாற்சிணுங்கி இல்லை. சாதாரண வகையில் நீங்கள் பிழைவிட்டால் அது வளர்ச்சிக் காலத்தை நீட்டிக்கொண்டு ஈடுகட்டும். ஓட்டோ காத்திருக்காது. நோஞ்சானாக இருந்தாலும் நாள் வந்ததும் பூத்துவிடும், பூத்தபின் பெரிதாக வளராது, அதோடு சரி. ஆகவே புதிதாக வளர்ப்பவர்கள் பிழைவிடுவது எந்த நேரமோ அந்த நேரத்தில்தான் இது மன்னிக்காது. இதைப் பொதியில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

என் பிழை கோழி எரு. அம்மா மிளகாய்க்குப் போடுகிற குறுணிப் பசளை, 'ஒரு பிடி போட்டுவிடு, கன்று பச்சையாக வரும்' என்றார், மூன்றாம் சாடிக்கு மட்டும் போட்டேன். பச்சையாகத்தான் வந்தது, கறுத்த பச்சை. இலை நுனியெல்லாம் பருந்தின் நகம்போல உள்ளே வளைந்துவிட்டது, தழைச்சத்து கூடிப்போனதன் அடையாளம். பத்தாம் நாள் கன்றுக்குப் பைமண்ணில் இருக்கிற சத்தே போதும், பூவெடுக்கிற வரைக்கும் ஒன்றும் தேவையில்லை. அந்தக் கன்று கடைசிவரை முழங்காலைத் தாண்டவில்லை. மற்ற இரண்டும் என் இடுப்புக்கு வந்தன.

தண்ணீரும் அப்படித்தான். வாழைக்குப் பாத்திகட்டி இறைத்த பரம்பரை, எனக்கு மண் காய்ந்திருந்தால் பொறுக்காது. கன்றுக்கு முதல் பத்து நாள் ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர், தண்டைச் சுற்றி மட்டும், அவ்வளவுதான். சாடியைத் தூக்கிப் பார்த்துப் பாரம் குறைந்தால் மட்டும் ஊற்றுவது என்ற பழக்கம் எனக்கு வர ஜூன் பாதி ஆனது. துணிச் சாடிக்கு நான் கொடுத்த 25 டொலர் வீண்போகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும், பிளாஸ்ரிக் சாடியாக இருந்திருந்தால் நான் ஊற்றிய தண்ணீருக்கு மூன்றும் வேரழுகிப் போயிருக்கும்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் டெக்கில் (வீட்டை ஒட்டிய மரத்தளத்தில்) தேநீர் குடிக்க வந்தவர், 'இது என்ன பிள்ளை, மரவள்ளியோ?' என்றார். அம்மா ஒரு கணமும் யோசிக்காமல் 'ஓம், சின்ன இன மரவள்ளி' என்றுவிட்டார். ஜூலை கடைசியில் வாசம் தொடங்கியதும் அந்தப் பொய் செல்லவில்லை. வாசம் சாதாரணமானதில்லை. மாலையில் வெயில் விழுந்தபிறகு தெருவோரம் வரை வரும். அக்கம்பக்கத்தோடு உறவு சரியில்லாதவர்கள் இதை நன்றாக யோசித்துவிட்டு இறங்குங்கள்.

இருபத்தேழாம் நாள் முதல் வெள்ளை மயிர்கள், பெண் பூவின் அடையாளம், தெரிந்தன, மூன்றிலும் ஒன்றும் ஆண் இல்லை. பெண் விதை என்பது ஏமாற்று இல்லை, பெண் செடியில் வெள்ளிக் கரைசல் தெளித்து மகரந்தம் சுரக்கவைத்து, அதைக்கொண்டு இன்னொரு பெண்ணில் விதை எடுக்கிறார்கள், ஆண் நிறமூர்த்தமே உள்ளே வராது. பூச்சி என்று பார்த்தால் கொஞ்சம் அசுவினி, தண்ணீரால் பீச்சியடித்தே போய்விட்டது. அம்மா வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னார், பூவெடுத்த செடியில் நாளை புகைக்கப்போகிற இடத்தில் எண்ணெயா என்று விட்டுவிட்டேன். உண்மையான எதிரி அணில். துணிச் சாடியின் ஈரமண்ணைக் கண்டால் அதற்கு எதையாவது புதைக்காமல் முடியாது. கோழிவலைக் கம்பி வெட்டி மண்மேல் போட்டபிறகுதான் நிம்மதி.

எப்போது வெட்டுவது என்பதற்குப் பொதியில் எழுபது நாள் என்று இருந்தது. அதை நம்பாதீர்கள். பத்து டொலருக்கு ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குங்கள், நான் இந்த முழு வேலையிலும் செய்த உருப்படியான செலவு அதுதான். பூவின் மேல் பிசின் மணிகள் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது, பால்போல மங்கி அங்கங்கே தேன் நிறம் வந்தால் கத்தரியை எடுக்கலாம். எழுபதாம் நாள் பார்த்தேன், பாதிக்குமேல் தெளிவு. முதல் செடியை 82ஆம் நாள், ஓகஸ்ட் 9, வெட்டினேன். இரண்டாவது 91ஆம் நாள். அந்த ஒன்பது நாளுக்குள் இரண்டு பெருமழை, தடித்த உச்சிப் பூவுக்குள் சாம்பல் நிறம் தெரிந்தது. பெருவிரல் அளவு வெட்டி எறிந்தேன், சுற்றியிருந்ததையும் இரண்டு விரற்கடை சேர்த்து. பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்துப் பாவிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காயவைத்தது பேஸ்மெண்டில், இருட்டில், கிளையோடு தலைகீழாக, பத்து நாள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன், கோடையில் பேஸ்மெண்ட் நசநசவென்று இருக்கும், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஏற்கனவே இருந்ததால் தப்பித்தது. பிறகு கண்ணாடிப் போத்தலில் போட்டு ஒரு மாதம், முதலில் தினமும் மூடியைத் திறந்து காற்றுக் காட்டுவது. இதில் அவசரப்பட்டால் வைக்கோல் வாசம்தான் மிஞ்சும். எனக்கு முதல் போத்தல் அப்படித்தான் ஆனது.

நிறை: 40 கிராம், 26 கிராம், எருவில் வெந்த குட்டை 11 கிராம். மொத்தம் 77. வீட்டுக்குள் வைத்திருக்க அளவு இல்லை, வெளியே கொண்டுபோனால் 30 கிராம்தான். செலவு விதை, மண், சாடி, கண்ணாடி எல்லாம் சேர்த்து 115 டொலர் சுற்றில். கடை விலையோடு பார்த்தால் இது லாபம்தான், ஆனால் மூன்று மாதம் காலையும் மாலையும் டெக்கில் குந்தியிருந்ததற்குக் கூலி போட்டால் பேசாமல் கடைக்கே போகலாம். தோட்டம் பிடிக்காதவர்களுக்கு இது வேண்டாம். சுவை எனக்குப் பிடித்தது, எலுமிச்சைத் தோலும் மண்ணும் கலந்த மாதிரி. பலம் பொதியில் போட்டிருந்த சதவீதத்துக்கு வந்ததா என்று சொல்ல என்னிடம் ஆய்வுகூடம் இல்லை, வெள்ளி இரவுக்கு இரண்டு இழுவை எனக்குப் போதுமாக இருந்தது. இதுவரை தொடாதவர்கள் என் எழுத்தைப் பார்த்துத் தொடங்கத் தேவையில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போத்தல் பூட்டுக்குள் இருக்கட்டும்.

விதைக்கு ஐந்துக்கு மூன்றரை. நாலாவது முளைத்திருந்தால் நான்கு. இந்த வருடம் வேறு கடையில் வேறு பொதி வாங்கியிருக்கிறேன், கவுண்டரில் நின்றே தேதியைப் பார்த்தேன், மூன்று மாதத்துக்கு உட்பட்டது. கோழி எரு பை கராஜின் மேல்தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. துணிச் சாடிகளில் மட்டும் சிக்கல்: நான்கில் இரண்டில் அம்மா ஏற்கனவே பயித்தங்காய் போட்டுவிட்டார், கேட்டால் 'மரவள்ளிக்கு இரண்டு காணும்' என்கிறார்.