சாம்பல் பூக்காத ஜினியா

ஜினியாவை நான் தலைமுழுகிப் பல வருடம் ஆகியிருந்தது. பெரிய பூ, கண்ணைப் பறிக்கும் நிறம், எல்லாம் சரி. ஆனால் பூத்துக் குலுங்குகிற நேரம் பார்த்து, கீழ் இலைகளில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் ஏறிவிடும். அப்புறம் பாத்தியைப் பார்க்கவே பிடிக்காது.

'புரொஃப்யூஷன்' ரக விதையை அரை மனதாகத்தான் போட்டேன். இப்போது இரண்டு பருவம் வளர்த்தாயிற்று.

செடி ஓரடி உயரம்தான். அதைவிட அகலமாகப் படர்கிறது. பூ இரண்டு அங்குலம். உள்ளங்கை அகல ஜினியாவுக்குப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் விடாமல் பூக்கிறது. வாடிய பூவைக் கிள்ளிப் போடவும் வேண்டியதில்லை, புதுக் கிளைகள் மேலேறி மூடிவிடுகின்றன. (எனக்குக் கிள்ளுகிற வேலை பிடிக்கும், அது வேறு கதை.)

இலைதான் முக்கியம். மழை விட்டு, இரவில் பனி இறங்கிய வாரத்தில், பக்கத்துப் பாத்தியில் இருந்த பழைய ரகம் வழக்கம்போல் வெளுத்துவிட்டது. இதில் அடி இலை வரை புரட்டிப் பார்த்தேன். பச்சை.

இந்தத் தெம்பு தாய்வழியோ தந்தைவழியோ, காட்டிலிருந்து வந்தது. ஜினியா அங்குஸ்டிஃபோலியா என்று மெக்சிகோவில் தானாக வளரும் ஒரு செடி. ஒல்லி இலை, சின்ன ஆரஞ்சுப் பூ, அலட்டல் இல்லாதது. அதைத் தோட்ட ஜினியாவோடு கலந்தால் பிறப்பது மலடு. இரண்டு பக்கத்துக் குரோமோசோம்களும் சரியாக ஜோடி சேர்வதில்லை. குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொன்றுக்கும் தன்னைப் போலவே ஒரு துணை கிடைக்கிறது, விதை பிடிக்கிறது. இந்த இரண்டின் கலப்பில் ஜப்பானின் சகாட்டா நிறுவனம் கொண்டுவந்த ரகம்தான் இது. இதன் ஆரஞ்சும் செர்ரியும் 1999-ல், புது ரகங்களை வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஓர் அமெரிக்க அமைப்பு தரும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் தங்கப் பதக்கம் வாங்கின.

ஜாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு ரகம் பாருங்கள், காம்பு குட்டை. விதையை நேராகப் பாத்தியிலேயே போடுங்கள். ஜினியாவுக்கு வேரைத் தொட்டால் ஆகாது.

இரண்டாவது முறை வேறொரு கடையில் வாங்கினேன். ஆரஞ்சு என்று எழுதிய பாக்கெட்டில் பாதி வெள்ளை. கோபத்தில் பிடுங்கப் போனவன், குனிந்து இலையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.