மட்டக்களப்புக் கட்டுக்கடையில் பழைய புத்தகம் கொடுக்குமுன்

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் புத்தகம் கட்டும் கடைகள் செய்யும் வேலையில் முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாக மாணவர்களின் ஆய்வேடு, கோயில் கணக்குப் பேரேடு, சங்கத்துக் கூட்டக் குறிப்புக் கொப்பி என்று எதைக் கொடுத்தாலும் றெக்சின் மட்டை போட்டு, பொன்னெழுத்து அடித்து, மூலை பிசகாமல் தந்துவிடுவார்கள். கை சுத்தமான கை. ஆனால் வாசிகசாலையில் 50, 60 வருடமாக இருக்கும் புத்தகத்தை ஒன்றும் சொல்லாமல் அதே கையில் கொடுத்தால் அது கெட்டுத்தான் திரும்பி வரும்.

காரணம் துளைத் தையல். ஆய்வேடு ஒற்றைத் தாள்களால் ஆனது, இடப்பக்கத்தில் ஒன்றரை அங்குலம் வெற்றிடம் விட்டே அச்சடிக்கிறார்கள். அதில் ஓரத்தோடு துளையிட்டுத் தைப்பதில் பிழையில்லை. பழைய புத்தகத்தில் உள்விளிம்பு 15 மில்லிமீற்றர் இருந்தாலே பெரிய விஷயம். துளைத் தையல் அதில் 7, 8 மில்லிமீற்றரைத் தின்றுவிடும். பிறகு புத்தகம் விரியாது. வாசிப்பவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பார், தாள் தையல் கோட்டில் மடியும், சில மாதங்களில் அதே கோட்டில் முறியும். அப்படி முறிந்த தாளை மறுபடி தைக்க விளிம்பே இராது. கட்டுவதற்கு முன் தளர்ந்த நூலோடு இருந்த நிலையே மேல் என்று ஆகிவிடும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டியது பாரத் தையல். பழைய புத்தகத்தின் முதுகைப் பார்த்தால் 8 தாள், 16 பக்கம் கொண்ட மடிப்புகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு பாரம். பாரத்தின் நடு மடிப்புக்குள்ளால் ஊசியை விட்டு, முதுகின் குறுக்கே வைத்த நாடாவைச் சுற்றி எடுத்து, அடுத்த பாரத்தோடு முடிச்சிடுவதுதான் சரியான தையல். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். எல்லாக் கடையிலும் இதைச் செய்ய ஆள் இல்லை, வயதான கட்டுநர் ஒருவர் இருக்கும் கடையாகப் பார்த்துக் கேளுங்கள். மடிப்பு கிழிந்திருந்தால் தைக்குமுன் மெல்லிய தாள் கீற்றை மாப்பசையால் முதுகுப்பக்கம் ஒட்டிப் பலப்படுத்தவேண்டும். செலோரேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் அது மஞ்சளாகிக் கழன்று விழும், அதன் பசை மட்டும் தாளுக்குள் ஊறிக் கறையாக நிற்கும். நூல் பருத்தியோ லினனோ ஆக இருக்கட்டும். இந்தக் கரையோரத்தில் தங்கூசி என்ற மீன்பிடி நைலோன் நூல் எந்தக் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காகச் சிலர் அதில் தைக்கிறார்கள். மீனுக்கு அது நல்லது. தாளைக் கத்திபோல் அறுக்கும்.

அடுத்தது வெட்டு மெசின். தைத்து முடிந்ததும் மூன்று பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டி விளிம்பைச் சமப்படுத்துவது கடைக்காரரின் வழக்கம். முன்பு ஒருமுறை கட்டிய புத்தகமென்றால் எழுத்தே போய்விடும், ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய குறிப்பும் போய்விடும். வாயால் சொன்னால் வேலை நெருக்கடியில் மறப்பார்கள். “விளிம்பு வெட்டக்கூடாது, பழைய மட்டையை உள்ளே சேர்க்கவும்” என்று துண்டில் எழுதி முதற்பக்கத்தில் வையுங்கள். பழைய மட்டையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அச்சகத்தின் பெயரும் விலையும் பல நூல்களில் பின்மட்டையில் மட்டுமே இருக்கும்.

பசை விஷயத்தில் கடைகளோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை. வெள்ளைக் கம் வேகமாகக் காயும், வலுவாகவும் பிடிக்கும், ஆனால் தாளில் ஏறினால் பிறகு எடுக்க முடியாது. மாப்பசையை ஈரம் வைத்து எப்போதும் கழற்றலாம். கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறி, ஆறியபின் வடிக்கவேண்டும். இரண்டு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. இராமபாணப் பூச்சிக்குப் பயந்து மயில்துத்தம் கலக்கும் பழக்கம் இருக்கிறது. பூச்சி வராது, உண்மைதான். அதிலுள்ள செம்புச் சத்து தாளைக் கபிலமாக்கி நொறுக்கிவிடும் என்பதும் உண்மை. பசையைக் குறைவாகப் பூசி, நன்றாகக் காயவிடுவதே நல்ல காவல்.

மட்டை வளைந்து வருகிறது என்ற முறைப்பாடு அடிக்கடி கேட்கிறது. தாளுக்கும் மட்டைக்கும் இழையோட்டம் உண்டு, அதாவது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். ஈரம் பட்டால் இழைக்குக் குறுக்கேதான் அவை விரியும். இழை முதுகுக்கு நேராக, மேலிருந்து கீழாக ஓடவேண்டும். மட்டையை இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த வளைவுக் கோட்டின் போக்கே இழையின் போக்கு. மீதி மட்டையை வீணாக்காமல் குறுக்கே வெட்டிப் போட்டால் முதல் மாரியிலேயே வளையும். சரியாக வெட்டினாலும் அழுத்தியில் ஒரு நாளாவது இருக்கவேண்டும், மாரியில் மூன்று நாள். அவசரமில்லாத புத்தகத்தை ஐப்பசி முதல் தை வரை கொடுக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் கட்டுவேலைக்கு ஏற்றவை.

எல்லாவற்றையும் கட்டவும் கூடாது. 1956 இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையின் தாள் பெரும்பாலும் வைக்கோலில் செய்தது. வைக்கோலின் நார் குட்டையானது, அதனால் மடிப்பில் சீக்கிரம் விடும். எந்தத் தாளென்றாலும் ஒரு மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டு மடிப்புக்குள் முறிந்தால் ஊசி தாங்காது. அதற்கு மட்டையில் ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள், அதைக் கடைக்காரர் அழகாகச் செய்வார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் புகுந்த காரைதீவு, கல்முனைப் பக்கத்துப் புத்தகங்கள் வேறு வகை. உப்பு உள்ளே இருக்கும்வரை ஒவ்வொரு மாரியிலும் காற்றின் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். உப்பை நீக்காமல் றெக்சின் போட்டு மூடினால் ஈரம் வெளியேற வழியே இராது.

கடைக்காரர் பாரங்களைப் பிரித்து வைத்திருக்கும் இடைவேளையை விடாதீர்கள். ஒவ்வொரு தாளும் தட்டையாகக் கிடக்கும் அந்த நாளில்தான் உள்விளிம்புவரை தெளிவாக ஸ்கான் எடுக்கலாம். ஈழத்து நூல்களை ஸ்கான் எடுத்துச் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் அதே பதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பக்க எண்களையும் அப்போதே சரிபாருங்கள். தைத்தபின் இடம் மாறிய பாரத்தைத் திருத்துவதென்றால் முழுவதையும் பிரிக்கவேண்டும்.

கட்டி வந்த புத்தகத்தை நடுவில் படாரென்று விரிக்காதீர்கள், முதுகு அங்கேயே விட்டுவிடும். மேசையில் முதுகு கீழாக நிறுத்தி, முன்மட்டையையும் பின்மட்டையையும் சாய்த்துவிட்டு, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறி மாறி விரலால் தடவி அமர்த்திக்கொண்டு நடுப்பாரம்வரை வாருங்கள்.