‘கீழே’ என்று சொல்லும் சொல் அட்டைகள்: மூன்று வாரம் புரட்டிப் பார்த்த பிறகு

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்காக வாங்கிய பெட்டி இது, இப்போது அவளைவிட நான்தான் அதிகமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘கீழே’ என்ற பொருள் தரும் முன்னொட்டுகளுக்கு மட்டும் 120 அட்டைகள் போட்டிருக்கிறார்கள். சப் நீலம், ஹைப்போ சிவப்பு, இன்ஃப்ரா பச்சை, அண்டர் மஞ்சள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீல அட்டைகளுக்காகவே இதை வாங்கலாம். ஆனால் அதே நீலத்தில் ஓர் அட்டை அப்பட்டமான தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சப்மரீன், சப்வே, சப்டைட்டில் எல்லாம் பார்த்தவுடனே புரிந்துவிடும், அதற்கு அட்டையே தேவையில்லை. இந்தப் பெட்டியின் அருமை தெரிவது ‘கீழே’ ஒளிந்திருக்கும் சொற்களில். சஸ்பெக்ட் அட்டையைப் பாருங்கள்: ஒருவர் தலையைக் குனிந்தபடி கருவிழியை மட்டும் மேலே உருட்டி எதிரில் நிற்பவரைப் பார்க்கிறார், பின்பக்கத்தில் ‘கீழிருந்து பார்ப்பது’ என்று லத்தீன் பொருள். நாம் கீழ்க்கண்ணால் பார்ப்பது என்கிறோமே, அதேதான். சப்போர்ட் என்றால் அடியில் நின்று சுமப்பது, அதாவது முட்டுக் கொடுப்பது. சஃபர் (துன்பப்படுதல்) அட்டையில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதுவும் கீழே நின்று தாங்குவதுதானாம். வலியை ‘தாங்க முடியவில்லை’ என்று நாம் தினமும் சொல்கிறோம், கூரையைத் தூண் தாங்குகிறது என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று லத்தீன்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

சரி, சப் எப்படி சஃப் ஆனது? இதற்குப் பெட்டிக்குள் இருக்கும் வழிகாட்டித் தாளில் ஒரே வரிதான்: ‘சில சொற்களில் எழுத்து மாறும்’. இது போதவே போதாது. அடுத்து வரும் எழுத்து முன்னொட்டின் கடைசி எழுத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் சஃபரில் இரண்டு எஃப், சக்சீடில் இரண்டு சி, சஜஸ்டில் இரண்டு ஜி. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை, புணர்ச்சிதான். உள்ளும் கணமும் சேர்ந்தால் உட்கணம் ஆகிறதே, அதைச் சொல்லி விளக்கியதும் அவளுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. ஸ்பெல்லிங்கில் ஏன் எழுத்து இரட்டிக்கிறது என்ற குழப்பமும் அதோடு போய்விட்டது.

இப்போது அந்தத் தப்பு. சர்ஃபேஸ் என்ற சொல்லை நீல அட்டையில் போட்டு, சப் மாறி சர் ஆகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சரகேட் (பதிலாள்) என்ற சொல்லில் அப்படி மாறியது உண்மை. ஆனால் சர்ஃபேஸ், சர்ப்ளஸ், சர்நேம் இவற்றில் உள்ள சர் பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் மூலம் சூப்பர், பொருள் ‘மேலே’. நேர் எதிர்! தமிழில் மேற்பரப்பு என்று சொல்லும்போதே அந்த ‘மேல்’ இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருளில் இப்படி ஒரு பிழை இருக்கக் கூடாது, அந்த அட்டையை நான் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

சிவப்பு அட்டைகளில் எண்கள் கொடுத்திருப்பது நல்ல வேலை. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா, ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஹைப்போகிளைசீமியா. (அந்த 70 ஒரு டெசிலிட்டருக்கு, அதை அட்டையில் அச்சிட விட்டுவிட்டார்கள்.) குறை என்னவென்றால், இதற்கு எதிராக ‘மேலே’ என்று பொருள் தரும் ஹைப்பர் சொற்கள் கூடவே இல்லை. ஹைப்போடென்ஷன், ஹைப்பர்டென்ஷன் என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், காதுக்கு இரண்டும் ஒன்று போலவே கேட்கும், ஒன்று தாழ் ரத்த அழுத்தம், மற்றது உயர் ரத்த அழுத்தம். மருந்து விஷயத்தில் இது விளையாட்டு இல்லை. இந்த ஜோடிகளை முதுகோடு முதுகாக ஒரே அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும்.

பச்சை அட்டைகள் மொத்தமே ஆறு. இன்ஃப்ராரெட் அட்டையில் வில்லியம் ஹெர்ஷல் 1800-ல் முப்பட்டகம் பிரித்த நிறங்களில் சிவப்பைத் தாண்டி வெப்பமானியை வைத்துக் கண்டுபிடித்த கதை இருக்கிறது. ஆனால் நிறப்பட்டையைப் படுக்கை வாட்டில் வரைந்துவிட்டார்கள். “சித்தி, இது சிவப்புக்குப் பக்கத்துலதானே இருக்கு, கீழே எங்க?” என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதிர்வெண்ணில்தான் அது சிவப்புக்குக் கீழே, பட்டையை நிமிர்த்தி வரைந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது.

மஞ்சள் அட்டைகளை வேகமாகக் கடந்துவிடலாம், அண்டர்லைன், அண்டர்கிரவுண்ட் என்று எல்லாம் தெரிந்தவையே. அண்டர்ஸ்டாண்ட் படத்தில் மட்டும் ஒருவர் மரத்தடியில் நிற்கிறார். பழைய ஆங்கிலத்தில் அண்டருக்கு ‘இடையே’ என்ற பொருளும் உண்டு, இந்தச் சொல்லுக்கு அதுதான் பொருந்தும் என்று பலர் கருதுகிறார்கள், அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அட்டை நல்ல கனம், மூலை மடங்கவில்லை, பின்பக்க எழுத்து மட்டும் பொடிப்பொடியாக இருக்கிறது. நாமே எழுதிக்கொள்ள நான்கு வெற்று அட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஹைப்பன் (சொற்களை இணைக்கும் சிறு கோடு) எழுதினேன்: கிரேக்கத்தில் ‘ஒன்றின் கீழ்’, அதாவது ஒன்றாக, அந்தக் காலத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் படிக்க எழுத்துகளுக்குக் கீழேதான் அந்தக் கோட்டை வளைத்துப் போடுவார்களாம். லத்தீன் சப், கிரேக்க ஹைப்போ, வடமொழி உப மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று அவளிடம் சொன்னேன். இன்னொரு வெற்று அட்டையை இழுத்து, நீலப் பேனாவில் ‘உபநதி’ என்று எழுதி, சப்மரீனுக்கு அடுத்து அவளே செருகிவிட்டாள்.